மசமசன்னு

"கண்ணு மசமசன்னு இருந்துச்சுண்ணே" என்றுதான், எங்கள் ஜப்பானியத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினுக்குள் கையை விட்ட அந்தத் தம்பி சொன்னான். மொழிபெயர்ப்பு என் வேலை; நான் அதை "பொன்யாரி ஷிதெ இமாஷிதா" என்று ஹாஞ்சோவிடம், அதாவது குழுத் தலைவரிடம், சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. சத்தமே இல்லாத ஒரு நிலைமைக்கு ஒலியால் உருவம் கொடுக்கும் சொற்கள், கிதாய்கோ என்பார்கள், ஜப்பானியத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் நம் இரட்டைக்கிளவிக்கு அச்சாக ஒன்று அகப்படுவது எப்போதாவதுதான்.

மலை பனியில் மங்கித் தெரிந்தாலும் பொன்யாரி, கூப்பிட்டது காதில் விழாமல் ஒருவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பொன்யாரி. நாமும் கண் மசமசங்குது என்போம், மசமசன்னு நிக்காதடா என்று திட்டவும் செய்வோம். எவ்வளவு பொருத்தம்! பின்னால் வரும் வினையைத்தான் கோட்டைவிட்டேன். 'மியெமாஷிதா' போட்டிருந்தால் மங்கலாகத் தெரிந்தது, கண் சமாச்சாரம். நான் போட்டதற்கு, கவனம் எங்கோ போய்விட்டது என்று பொருள். கண் என்ற சொல்லையே முழுங்கியிருக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கை உள்ளே போனதும் சென்சார் பிரஸ்ஸை நிறுத்திவிட்டது. ஆனாலும், அடிபடாமல் தப்பியதற்கென்று இருக்கும் ஹியாரி ஹத்தோ படிவம் எழுதியாக வேண்டும். (அதுவும் இதே ஜாதிச் சொல்தான்: ஹியாரி முதுகில் ஓடும் சில்லிப்பு, ஹத்தோ திடுக்கென்று ஆவது.) பெரிய விபத்து ஒன்றுக்குப் பின்னால் சின்ன விபத்து 29, அடிபடாத சம்பவம் 300 என்று ஹைன்ரிச் என்ற பாதுகாப்பு நிபுணர் 1931இல் எழுதிய கணக்கை ஒவ்வொரு பாதுகாப்புக் கூட்டத்திலும் நான்தான் தமிழில் சொல்கிறேன். யார் தப்பு என்று தேடுவதற்கல்ல இந்தப் படிவம் என்பதையும் நான்தான் சொல்கிறேன். அந்தப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில், ஹாஞ்சோ பென்சிலால் நிதானமாக எழுதியது நாலே எழுத்து, பொன்யாரி. கீழே தீர்வு: விரல் நீட்டி "யோஷி!" (சரி!) என்று உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். மங்கலாகத் தெரிகிற கண்ணோடு எதை நீட்டி என்ன யோஷி?

அப்போதே திருத்தியிருக்கலாம். முத்திரை விழுந்துவிட்டது, அடுத்த லைனில் கூப்பிட்டார்கள், இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்வது. இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன்: முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரை அவன் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான், அறை நண்பர்களே சொன்னார்கள். தூக்கம் இல்லாதவனுக்குக் கண் எது, கவனம் எது? நான் சொன்னது தப்பே இல்லையோ என்னமோ. அப்படியும், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வரி அந்தப் படிவத்தில் ஏறவில்லையே என்பது உறுத்துகிறது. ஏறியிருந்தாலும் செய்திருப்பார்களா, அது வேறு.

போன வாரம் டீ இடைவேளையில் வந்தான். "அண்ணே, ஹாஞ்சோ என்னைப் பொன்யாரிகுன், பொன்யாரிகுன்னு கூப்பிடுறாரே, அப்படின்னா என்ன?"

கொஞ்சம் யோசித்தேன். "மசமசன்னு இருக்கிறது" என்றேன்.

"அட, அதைத்தானேண்ணே நான் சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.