ஆறுமணிக் குருவி

காமன் கூத்து முடிந்த பங்குனி. மழை விட்டு, காலையில் மட்டும் பனி விழும் நாட்கள். ஒரு சனிக்கிழமை விஞ்ஞான சேர் எங்கள் ஒன்பதாம் வகுப்பை வெளியே கூட்டிப்போனார். "கொப்பியும் பென்சிலும் போதும். காணுற பூ, குருவி எல்லாத்துக்கும் உங்க வீட்டுல என்ன பேரோ அதை எழுதுங்க" என்றார்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்கு மலை என்றால் தேயிலைதான். மலைக்குப் பெயர்கூட நம்பர்தான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போடுவதற்கு முன்னால் இந்த மண்ணில் என்ன நின்றது என்று சேர் கேட்டார். "கோப்பி" என்றான் ஒருவன். "அதுக்கும் முன்னால?" யாரும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் குறுக்குப் பாதையில் இறங்கி, ஓடைக்கரையில் மிஞ்சியிருந்த காட்டுத் துண்டுக்குள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அன்று பார்த்த மாதிரி அதற்கு முன் நான் எதையும் பார்த்ததில்லை. நீர் கசியும் பாறையில் இளஞ்சிவப்பாகக் காட்டுக் காசித்தும்பை. வெட்டாமல் விட்ட முள்முருங்கை ஒன்று இலையெல்லாம் உதிர்த்துச் சிவந்து நின்றது. அதில் கொண்டைக்குருவிகளும் தேன்சிட்டும் அடித்துக்கொண்டன. ஓடைக் கல்லில் மஞ்சள் வயிற்று வாலாட்டி. வேலியோரம் உன்னிப்பூ, அது கடல் கடந்து வந்த செடி என்றார் சேர், நம்பவே முடியவில்லை. பூக்காத ஒரு புதரைக் காட்டி, "இது நெலு. நம்ம குறிஞ்சிக்குச் சொந்தம். 12 வருசத்துக்கு ஒருக்காதான் பூக்கும். பூத்து விதை விழுந்தா காட்டுக்கோழி கூட்டமா வரும்" என்றார். 2013இல் ஹோர்ட்டன் சமவெளி முழுக்க நெலு பூத்த படங்களைக் கனடாவில் இருந்து பார்த்தபோது அந்தப் புதர்தான் கண்ணுக்குள் வந்தது.

சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி தத்தியது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. எவருக்கும் பெயர் தெரியவில்லை.

சாயந்தரம் அம்மா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அடையாளம் சொன்னேன். "ஆறுமணிக் குருவிடா அது. காலையில வேலைக்குக் கூப்பிட்டுப் பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்துக்குக் கத்தும். அந்தியிலயும் கத்தும். சித்திர வருசம் போனா சத்தமே இருக்காது, காட்டுக்குள்ள போயிரும்."

திங்கட்கிழமை சேர் அதைத் திருத்தினார். காட்டுக்குள் அல்ல, இந்தியாவுக்குப் போகிறது. இமயமலை அடிவாரம் வரைக்கும் போய்க் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஐப்பசி வாக்கில் திரும்பி வருகிறது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்ப என்று எழுதிய 525,000 இந்திய வம்சாவளி மக்களில் பெரியம்மா குடும்பமும் அடக்கம். அழுகையோடு ஆட்களை ஏற்றிப்போன ரயிலான ஒப்பாரிக் கோச்சியில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்கள். கடிதம் வந்தது, ஆள் வரவில்லை.

"திரும்பி வருதாமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா, வருசா வருசம்."

அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் முதல் சத்தம் கேட்ட நாளை அம்மா என்னிடம் சொல்லி என் கொப்பியில் எழுதவைத்தார். நான் நாட்டை விட்டு வந்தபின் தம்பி எழுதினான்.

போன தை மாதம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா இல்லாத வீடு. விடியலில் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது ஓடைப் பக்கமிருந்து இரட்டை விசில் எழுந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறுக்கு நாலு நிமிடம் இருந்தது.