பஸ் சீட்டிலேயே பெல்ட்: தரையிலிருந்து தொடங்கும் வேலை

"அண்ணே, சீட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டை மட்டும் மாட்டிக் குடுத்துருங்க."

மதுரையிலிருந்து கொடைக்கானல், மூணாறு என்று சுற்றுலா வண்டி ஓட்டுபவர்கள் கப்பலூர்ப் பக்கம் பாடி கட்டும் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். அப்படி மாட்டித் தர முடியாது என்றுதான் சொல்கிறோம். சாதாரண பஸ் சீட் உட்காருபவரின் எடையைக் கீழ்நோக்கித் தாங்குவதற்காகச் செய்தது. அதில் பெல்ட்டைப் பூட்டிவிட்டால், வண்டி மோதும்போது ஆள் முன்னால் பாயும் வேகம் முழுக்க சீட்டின் முதுகில் ஏறி, காலில் இறங்கி, போல்ட் வழியாகத் தரைக்குப் போகிறது. இந்த வழியில் எந்த இடம் பலவீனமோ அந்த இடம் பிய்யும். பிய்ந்தால் ஆளும் சீட்டும் சேர்ந்தே முன் வரிசையில் போய் விழும். பெல்ட் இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

இரண்டு பேர் உட்காரும் மூன்று முனை பெல்ட் (தோளில் ஒன்று, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்) சீட்டை நாங்கள் வடிவமைத்துக் கட்டிய வரிசையை இங்கே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அளவுகளும் சிக்கல் வரும் இடங்களும் பயன்படும்.

முதலில் வண்டி எந்த வகை என்று பாருங்கள். ஓட்டுநர் நீங்கலாக 8 பேருக்கு மேல் ஏறும் வண்டியில், மொத்த எடை 5 டன் வரை எம்2, அதற்கு மேல் எம்3. பெரிய பஸ்ஸுக்குத்தான் அதிக பலம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. ஐ.நா. விதி 14-இன்படி மூன்று முனை பெல்ட்டுக்கு எம்3-இல் ஒவ்வோர் ஆளுக்கும் மார்புப் பட்டையில் 4,500 நியூட்டன், இடுப்புப் பட்டையில் 4,500 நியூட்டன். எம்2-இல் இரண்டும் 6,750. இடுப்புப் பட்டை மட்டும் என்றால் எம்3-க்கு 7,400, எம்2-க்கு 11,100. சின்ன வண்டி மோதும்போது சட்டென்று நிற்கும், அதனால் உள்ளே இருப்பவருக்கு உலுக்கல் கூடுதல். டெம்போ டிராவலருக்குச் செய்ய வேண்டியதைப் பெரிய பஸ் சீட்டின் அளவில் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறோம்.

பெல்ட்டின் முனைகள் சீட்டிலேயே இருந்தால் சீட்டின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும்: எம்3-க்கு சீட் எடையைப் போல 6.6 மடங்கு, எம்2-க்கு 10 மடங்கு. எம்3-க்கான எங்கள் இரட்டை சீட் 34 கிலோ. அதனால் கூடுதலாக 2,200 நியூட்டன். இரண்டு ஆளுக்குமாக 18,000, மொத்தம் 20,200 நியூட்டன். இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் இழுத்துத்தான் சோதிப்பார்கள். ஓர் ஆளுக்குக் கணக்குப் போட்டு நிறுத்தினால் பாதி சீட்தான் கட்டியிருப்பீர்கள்.

இனி தரை. வேலையில் பாதி இங்கேதான். மார்புப் பட்டையின் இழுப்பு தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்திலும், இடுப்புப் பட்டையின் இழுப்பு 58 செ.மீ. உயரத்திலும் விழுகிறது. தரையைப் பொறுத்த கவிழ்ப்புத் திருப்புமை (விசையை உயரத்தால் பெருக்கியது) சீட் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 14,600 நியூட்டன் மீட்டர். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே 34 செ.மீ.தான். வகுத்துப் பாருங்கள்: பின்காலைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை 43,000 நியூட்டன், அதாவது சுமார் 4.4 டன். சீட்டின் ஜன்னல் பக்கத்தைப் பிடிக்கும் சுவர் ரெயில் சரிபாதியை வாங்கிக்கொண்டாலும் நடைபாதைப் பக்கப் பின்காலில் 2.2 டன் மேல்நோக்கி இழுக்கும்.

தரையாகப் போட்ட 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு போல்ட்டும் சின்ன வாஷரும் போட்டால் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலர் பிளைவுட்டுக்குக் கீழே 50×6 பட்டைத் தகட்டை ஓட்டி, "பேக்கிங் குடுத்தாச்சு" என்பார்கள். 70 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிராஸ் மெம்பருக்கு (தரைக்கடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம்) நடுவே நிற்கும் பட்டைத் தகடு இந்தச் சுமையில் வளைந்து, போல்ட்டோடு மேலே எழுந்துவிடும். தகட்டின் அகலத்தால் பயனில்லை, சுமை வரும் திசையில் உயரம் வேண்டும். நாங்கள் 80×40×4 பெட்டிக் குழாயை உயரவாட்டில் வைத்து, இரண்டு முனையும் கிராஸ் மெம்பரில் ஏறும்படி வெல்ட் செய்கிறோம். சுமை நட்டநடுவில் விழுந்தாலும் அதில் ஏறும் தகைவு (இரும்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை) சுமார் 210 மெகாபாஸ்கல். 310 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாத ஒய்எஸ்டி 310 ரகக் குழாய் இதைத் தாங்கும். பின்காலின் நிலையைச் சில செ.மீ. நகர்த்திக் கிராஸ் மெம்பருக்கு அருகே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. அதனால் சீட் இடைவெளியை முடிவுசெய்யும் முன்பே தரைக்கடி வரைபடத்தைக் கையில் எடுக்க வேண்டும். பாடி முடிந்து மேட் ஒட்டிய பிறகு இதைச் செய்ய வழியே இல்லை.

போல்ட் மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். பின்காலுக்கு 8.8 கிரேடு எம்10 (10 மி.மீ.) போல்ட் இரண்டு, பெட்டிக் குழாயின் மேல்சுவர், கீழ்சுவர் இரண்டையும் துளைத்துப் போக வேண்டும். மேல்சுவரில் மட்டும் நட்டு வெல்ட் செய்தால் 4 மி.மீ. சுவர் கிழியும். குழாய்க்குள் இரும்பு ஸ்லீவ் ஒன்று செருகாமல் இறுக்கினால் குழாய் நசுங்கும். இறுக்கியபோது டைட்டாக இருப்பது போலத் தெரியும், நான்கு மலை டிரிப் போனதும் லூஸ் ஆகும். பிளைவுட் தடிமனுக்கும் அதே கதை. மரம் காய்ந்து சுருங்கும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஊறும். பிளைவுட்டின் துளையைப் பெரிதாக்கி அதற்குள் இரும்பு வளையம் வைத்தால் இறுக்கம் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கும். டார்க் ரெஞ்சில் 45 நியூட்டன் மீட்டர். முடித்ததும் நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று கிளீனர்கூடக் குனிந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

சீட் பிரேமுக்கு வருவோம். வழக்கமாக நம் பக்கம் முதுகுச் சட்டத்துக்கு 25×25×2 குழாய் போடுகிறார்கள். தோள் முனை, முதுகின் அடியிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மார்புப் பட்டையின் 4,500 நியூட்டனில் பாதிக்குச் சற்று மேல் அந்த முனைக்கு வரும், மீதி பக்கிளுக்குப் போகும். 2,500 என்று வைத்தால் அடியில் 1,500 நியூட்டன் மீட்டர். இந்த வளைப்பில் 25×25×2 குழாயின் தகைவு 1,100 மெகாபாஸ்கலைத் தாண்டும். வாழைத்தண்டு போல மடங்கிவிடும். 50×25×3 குழாய் என்றால் அதே வளைப்பில் சுமார் 300. ஒரு எச்சரிக்கை: 50 மி.மீ. பக்கம் வண்டி ஓடும் திசையில் இருக்க வேண்டும். குஷன் மெல்லிதாக வர வேண்டும் என்று குழாயைப் படுக்கப்போட்டால் தகைவு 470-க்கு ஏறிவிடும். வெல்டருக்குக் கொடுக்கும் ஜிக்கில் (குழாய்களைப் பிடித்துவைக்கும் அச்சுச் சட்டம்) குழாய் ஒரே வாட்டத்தில்தான் உட்காரும்படி செய்துவிடுவது பாதுகாப்பு.

அடியில் முட்டுத்தகடு வைக்கும்போது அதன் நுனி குழாயின் நடுச்சுவரில் சட்டென்று முடியக் கூடாது. அந்த நுனியில்தான் சுவர் கிழியத் தொடங்கும். தகட்டைச் சரிவாக இறக்கி, வெல்டைக் குழாயின் விளிம்புகளை ஒட்டி முடிக்க வேண்டும். பின்காலின் பின்பக்க வெல்ட் முழு இழுப்பையும் வாங்கும் இடம். அங்கே பொட்டுப் பொட்டாகப் பிடித்து விடுவதும், பெயின்ட் அடித்த குழாயின் மேல் அப்படியே வெல்ட் ஓட்டுவதும் கூடவே கூடாது.

இப்படி முதுகை இறுக்கமாக்கியதும் இன்னொரு கவலை வருகிறது. பின்சீட்டில் பெல்ட் போடாதவர் ஒருவர் இருப்பார். அவர் முழங்காலும் தலையும் இந்த முதுகில்தான் மோதும். ஐ.நா. விதி 80 இதைத்தான் பார்க்கிறது: மணிக்கு 30 முதல் 32 கி.மீ. வேகத்தில், பின்னால் வைத்த பொம்மையின் தலைக்காய அளவு 500-ஐத் தாண்டக் கூடாது, தொடை எலும்பில் 10 கிலோநியூட்டனுக்கு மேல் ஏறக் கூடாது. முன்னால் இருப்பவரைப் பிடிக்க முதுகு விறைப்பாக நிற்க வேண்டும், பின்னால் இருப்பவருக்காக இளக வேண்டும். அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு இதற்காக முதுகை இரண்டு சட்டமாகப் பிரித்த சீட்டுகள் செய்கிறார்கள். பெல்ட்டைத் தாங்கும் உள்சட்டம் தனி, பின்னால் வருபவரை வாங்கிக்கொள்ளும் வெளிமுதுகு தனி. நம் பட்டறை அளவில் நாங்கள் செய்தது எளிமையானது: பலமான குழாய்கள் இரண்டு ஓரத்தில் மட்டும். பின்னால் இருப்பவரின் தலை வரும் உயரத்தில் குறுக்குக் குழாய் கிடையாது. முழங்கால் இடத்தில் 0.8 மி.மீ. தகடு, அது உள்ளே குழியட்டும். கைப்பிடிக்கு ரப்பர் நுரை உறை. சாப்பாட்டுத் தட்டு, பாட்டில் வளையம் என்று இரும்பில் எதையும் அங்கே நீட்ட விடுவதில்லை.

புஷ்பேக் (முதுகு சாயும் சீட்) வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, தோள் இழுப்பு முழுவதும் சாய்வுப் பூட்டின் மேல் விழும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் மலிவு மெக்கானிசம் முறுக்கிக்கொண்டு நழுவும். இரண்டு பக்கமும் பல் கடிக்கும் பூட்டுதான் சரி. இன்னொன்று, பெல்ட் நாடாவைச் சுருட்டிப் பூட்டும் ரீட்ராக்டர். அதற்குள் ஒரு சிறிய இரும்புக் குண்டு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். சாய்வை அதுதான் உணர்கிறது. விதி 16-இன்படி 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27-ஐத் தாண்டினால் பூட்டியே தீர வேண்டும். ரீட்ராக்டரை முதுகுக்குள் வைத்துவிட்டு ஆள் சீட்டைச் சாய்த்தால் குண்டு நகர்ந்து பெல்ட் பூட்டிக்கொள்ளும். பயணி இழுத்துப் பார்ப்பார், வராது, கழற்றி எறிந்துவிடுவார். அதனால் ரீட்ராக்டரை அசையாத அடிச்சட்டத்தில் வைத்து, நாடாவை முதுகின் உள்ளே மேலேற்றுங்கள். நாடா திரும்பும் இடங்களில் பிளாஸ்டிக் வழிகாட்டி கட்டாயம். வெட்டிய குழாயின் விளிம்பு பட்டால் நாடா கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது வளைவில் வண்டி சாய்ந்திருக்க, பெல்ட் இழுத்தால் வராமல் போவது பழுதில்லை. ஒரு தடவை உள்ளே விட்டு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

இடுப்புப் பட்டையின் கோணம் 45 டிகிரிக்கும் 90-க்கும் நடுவே இருக்க வேண்டும். கீழ் முனையை வசதிக்காகப் பின்னால் தள்ளினால் பட்டை படுத்துவிடும், மோதும்போது இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறும், குடல் காயம் வரும். குஷனின் முன்விளிம்பைச் சற்று உயர்த்தி வைத்தால் ஆள் அடியில் வழுக்கிப் போகமாட்டார். கீழ் முனைகளுக்கு இடையே 35 செ.மீ. குறையாமல் வேண்டும். முனைகளுக்கு 7/16 அங்குல யுஎன்எஃப் போல்ட்தான், கையில் இருக்கிற எம்10-ஐத் திருகிவிடாதீர்கள்.

பக்கிள் இரண்டும் நடுவில் அருகருகே வருவதால் ஆள் மாற்றிக் குத்துவார். ஒன்றின் தண்டைக் குட்டையாக வைத்தால் குழப்பம் போகும். தண்டு விறைப்பாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குஷன் இடுக்கில் விழுந்துவிடும். விழுந்ததைத் தேடி எடுத்துப் போடுகிற பயணி அபூர்வம்.

பட்டறையிலேயே இழுப்புச் சோதனை செய்துவிட்டுத்தான் மாதிரியை அனுப்ப வேண்டும். தரைத்துண்டோடு சீட்டைப் பொருத்தி, மார்பு, இடுப்பு மரக்கட்டைகளைப் பெல்ட்டுக்குள் வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கும் விசையை அளக்கும் லோடு செல்லும் கொண்டு முன்னோக்கி, 10 டிகிரி மேல்வாட்டில் இழுக்கிறோம். யாரும் கம்பி வடத்தின் நேரே நிற்கக் கூடாது. கவனிக்க வேண்டியது பின்கால்தான். முதலில் பிளைவுட் மெல்ல உப்பும், பிறகு வாஷர் ஓரத்தில் பெயின்ட் உரியும், முன்காலின் முன்சுவரில் சுருக்கம் விழும். விதியின்படி சட்டம் வளைந்தாலும், ஒரு பகுதி கிழிந்தாலும்கூடத் தோல்வி இல்லை, குறித்த விசையை 0.2 விநாடி தாங்கியிருந்தால் போதும். வளைந்ததைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் தடிமனாக்கினால் சீட் எடை ஏறும், அந்த எடை 6.6 மடங்காகத் திரும்பக் கணக்கில் வரும்.

இது சான்றிதழ் ஆகாது. சான்றிதழுக்கு இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன: சீட்டுக்கு ஏஐஎஸ்-023, பெல்ட் முனைகளுக்கு ஐஎஸ் 15139, பெல்ட்டுக்கு ஐஎஸ் 15140, பாடிக்கு ஏஐஎஸ்-052. சோதனைக்குப் புனேயில் ஏஆர்ஏஐ, சிஐஆர்டி, நம் மாநிலத்தில் ஓரகடம் ஜிஏஆர்சி என்று அங்கீகாரம் பெற்ற மையங்கள் இருக்கின்றன. வரைபடம், குழாயின் தரச் சான்று, வெல்ட் விவரம் மூன்றையும் சேர்த்து முன்கூட்டியே அனுப்பிப் பேசிவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் வண்டியில் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

வண்டி ரோட்டுக்குப் போன பிறகு பக்கிளில் கடலைத் தோலும் மிட்டாயும் சேரும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் விடாதீர்கள். நாடாவுக்கு சோப்புத் தண்ணீர் போதும், பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் நூலை அரிக்கும். கிழிந்த நாடாவைத் தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போடுவது வேண்டாம், முழு செட்டையும் மாற்ற வேண்டும். பெல்ட் போட்டிருந்த நிலையில் வண்டி மோதியிருந்தால் நாடா, பக்கிள், ரீட்ராக்டர், அவற்றின் போல்ட் எல்லாமே புதிது. பழையது பார்க்க நன்றாகவே இருக்கும், அதனால் வேறு வண்டிக்குப் போய்விடும். கழற்றிய கையோடு நாடாவைக் குறுக்கே வெட்டிவிட்டுத்தான் நாங்கள் ஸ்கிராப்பில் போடுகிறோம்.