குடிபெயர்ந்த படங்களுக்கு எந்தக் கேபிள்?

நாடு மாறி வந்தபோது எங்கள் வீட்டுப் படங்களும் வீடியோக்களும் ஆளுக்கொரு வயதுள்ள ஹார்ட் டிஸ்க்குகளில் வந்து சேர்ந்தன. வேலை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒருவழியாக அமைந்த பிறகு, அத்தனையையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வந்து நின்றது மின்சாரம். மேசையில் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். அதன் அடியில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். பிளக் மாற்றினால் போதும். அடாப்டர் மட்டும் தொலைந்துவிட்டால் டிஸ்க் வெறும் டப்பாதான். அடிக்கடி வீடு மாறும் நமக்கு, யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் 2.5 அங்குல டிஸ்க்தான் தோது.

அடுத்தது வேகம். அலுவலக நண்பர் 'யுஎஸ்பியைவிட வேகமான தண்டர்போல்ட் இணைப்புள்ளதாக வாங்குங்கள், நொடிக்கு 40 கிகாபிட்' என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரைதான் கொடுக்கும். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0-வின் 5 கிகாபிட்டையே (எட்டு பிட் ஒரு பைட் என்பதால், ஏறக்குறைய 600 மெகாபைட்) அதனால் நிரப்ப முடியாது. டிஸ்க்கிலிருந்தே நேராக வீடியோ எடிட் செய்பவர், வேகமான எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) வைத்திருப்பவர் தண்டர்போல்ட்டுக்குப் போகட்டும். அப்புறம், ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வீடியோக்காரர்களின் செல்லப்பிள்ளை. இன்று புதுக் கணினி எதிலும் அந்தப் போர்ட் கிடையாது. பழைய யுஎஸ்பி டிஸ்க் மட்டும் இன்னமும் எதில் செருகினாலும் திறக்கிறது.

ஏமாற்றுவது கேபிள்தான். இப்போதைய சிறிய சி வகை யுஎஸ்பி முனையைப் பார்த்து வேகத்தைச் சொல்லவே முடியாது. போனோடு வரும் சார்ஜ் கேபிள்களில் பல உள்ளே பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0 மட்டுமே. ஒரு டெராபைட்டை அதில் நகலெடுத்தால் எட்டு மணி நேரம் போகும்; டிஸ்க்கோடு வந்த சரியான கேபிளில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். அதுவும் பெரிய வீடியோக் கோப்புகளுக்கு. ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் படங்கள் என்றால் எந்தக் கேபிளும் திணறும். நகலெடுக்கத் தொடங்கியதும் திரையில் நொடிக்கு 30, 40 மெகாபைட்டிலேயே நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், இல்லை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் யுஎஸ்பி 3.0 போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீலமாக இருக்கும்.

ஒரே ஒரு நகல் என்றால் அது சேமிப்பே இல்லை. அதனால் ஊரில் இருக்கும் தம்பிக்கும் ஒரு டிஸ்க் போகிறது. அவன் கணினியில் இருப்பது பழைய அகல ஏ வகை போர்ட்கள் மட்டுமே. இரண்டு முனைக்கும் கேபிள் வைத்துவிட்டேன். என்னுடையது மேக், அவனுடையது விண்டோஸ். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோவைக்கூட ஏற்காது. எஸ்எஸ்டி அனுப்பலாமா என்றும் யோசித்தேன். தபாலில் அடிபட்டாலும் தாங்கும்தான், ஆனால் மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதில் பதிந்தது மங்கக்கூடும். தம்பி அதை எடுத்துச் செருகுவான் என்ற நம்பிக்கை எனக்கில்லை. சுழலும் டிஸ்க்கையே நன்றாகச் சுற்றி அனுப்பிவிட்டேன்.