பழைய மோட்டார்ஹோமில் சார்ஜ் ஏறாத பேட்டரி: தொலைந்த வோல்ட்டைத் தேடியது

எங்கள் மோட்டார்ஹோம் 1995 மாடல். ஃபோர்டு ஈ-350 சேசிஸ், 7.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஆரம்பம் முதல் மிச்சிகனிலேயே ஓடிய வண்டி. போன வசந்தத்திலிருந்து அதில் ஒரே தொல்லை. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து கிளம்பி, மேக்கினா பாலத்தைத் தாண்டி, தக்வாமெனன் அருவி வரை பகல் முழுக்க ஓட்டினாலும் ஹவுஸ் பேட்டரி (உள்ளே விளக்கு, ஹீட்டர் ஃபேனுக்கெல்லாம் கரண்ட் தருவது) 12.3 வோல்ட்டிலேயே நிற்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியோ ஜம்மென்று இருக்கும்.

ராத்திரி குளிரில்தான் இதன் கொடுமை தெரியும். ஹீட்டருக்கு வேண்டிய கேஸ் இருக்கும், ஆனால் தீ பற்றாது. ஹீட்டர் ஃபேன் போதிய வேகத்தில் சுற்றினால்தான் அந்தக் காற்று உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும். தகடு சுவிட்சை அழுத்தினால்தான் பர்னருக்கு கேஸ் திறக்கும். வோல்டேஜ் இறங்கிவிட்டால் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், தகடு அசையாது. வெறும் குளிர்காற்றை ஊதியே மிச்சமிருக்கும் சார்ஜையும் தின்றுவிடும்.

"பேட்டரி போயிருக்கும் அண்ணா, மாத்திடுங்க" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். ஆனால் இவை கோல்ஃப் கார்ட் பேட்டரிகள்: 6 வோல்ட் இரண்டு, தொடராக இணைத்து 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-அவர். வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கழற்றி கராஜில் தனி சார்ஜரில் போட்டு, ஒரு ராத்திரி சும்மா விட்டுப் பார்த்தேன். 12.7 வோல்ட், அதாவது முழு சார்ஜ். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரிலும் எல்லா செல்லும் 1.265-ஐ ஒட்டியே காட்டின, அதுவும் முழு சார்ஜ்தான். பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியில்தான் அதற்குச் சார்ஜ் போய்ச் சேரவில்லை.

திரும்ப மாட்டி, விளக்கையும் ஃபேனையும் ஓடவிட்டுக் கொஞ்சம் சார்ஜை இறக்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். முன் பேட்டரியில் 14.2 வோல்ட், ஹவுஸ் பேட்டரியில் 12.6. நடுவில் 1.6 வோல்ட் எங்கோ தொலைகிறது. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் முன் பேட்டரியைப் பார்த்துத்தான் வோல்டேஜை வைக்கிறது. அங்கே 14.2 வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. 20 அடி தள்ளி என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனையில் வைத்தால் போதாது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே கம்பியின் இந்த முனையில் ஒரு புரோபும் அந்த முனையில் இன்னொரு புரோபும் வைக்க வேண்டும். அந்தக் கம்பியிலும் அதன் இணைப்புகளிலும் எத்தனை வோல்ட் வீணாகிறதோ அதை மீட்டர் அப்படியே காட்டும். புரோப் எட்டாத இடத்துக்குப் பழைய ஸ்பீக்கர் ஒயரைச் சேர்த்து நீட்டிக்கொண்டேன்.

முதலில் சிக்கியது பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஐசொலேட்டர் சாலினாய்டு. சாவி போட்டதும் இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும் பெரிய ரிலே அது. 'டக்' என்று சத்தமும் வந்தது, சின்ன டெர்மினலில் 12 வோல்ட்டும் வந்தது. அதனால் அது நல்லபடியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில் 0.9 வோல்ட் இழப்பு. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. புதிது வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் சாலினாய்டும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அது சில நொடி வேலைக்கு மட்டுமே செய்தது. நாள் முழுக்க பிடித்துக்கொண்டிருந்தால் சுருள் கருகிவிடும். கன்டினியுவஸ் டியூட்டி என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். புதிதை மாட்டியதும் அங்கே இழப்பு 0.05 ஆனது.

அப்படியும் ஹவுஸ் பேட்டரியில் 13 சொச்சம்தான். எர்த் பக்கம் வைத்துப் பார்த்தால், பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும் நடுவில் 0.8 வோல்ட். சாலினாய்டு மாற்றும் முன் இதே இடத்தில் 0.5 இருந்தது. கரண்ட் கூடினால் கெட்ட இணைப்பில் இழப்பும் கூடும். ஒரு கோளாறைச் சரிசெய்ததும் இன்னொன்று பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

எங்கள் வண்டியில் ஹவுஸ் பேட்டரி வாசல் படிக்கு அடியில் இருக்கிறது. எர்த் போல்ட் அதற்கு நேர் கீழே சேசிஸில், சாலைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில். டெட்ராய்ட் நகருக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் ஓடுகிறது. பனிக்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்பு அப்படித் தோண்டி எடுப்பதுதான். இத்தனை வருட உப்புத் தண்ணீர் குடித்த அந்த போல்ட்டைக் கழற்றியபோது லக்குக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) சேசிஸுக்கும் நடுவில் துரு அப்பளம் மாதிரி அடுக்காக உரிந்து வந்தது. கேபிளின் உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் உள்ளே தாமிரம் பச்சை பூத்திருந்தது. கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்து, ஈயம் பூசிய புது லக் போட்டு கிரிம்ப் செய்தேன். சேசிஸை கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளவென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இழப்பு 0.04. ஐட்லிங்கிலேயே ஹவுஸ் பேட்டரி 13.8-க்கு வந்து, மெதுவாக ஏறிக்கொண்டும் இருந்தது.

அப்புறம் கன்வெர்ட்டர். கேம்பில் 120 வோல்ட்டில் செருகினால் சார்ஜ் செய்யும் பெட்டி. லோடு இல்லாமல் 13.8 காட்டும், இறங்கிய பேட்டரியை மாட்டினால் 13.1-க்கு விழுந்துவிடும். போதாததற்கு ராத்திரி முழுக்க உறுமல். இதில் சரிசெய்ய ஒன்றுமில்லை, பழைய வகை அப்படித்தான். மூன்று நிலையில் சார்ஜ் செய்யும் 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் போட்டேன்: வேகமாக ஏற்ற 14.4, அப்புறம் 13.6, சும்மா நிற்கும்போது 13.2. கை வைக்கும் முன் 120 வோல்ட் பிளக்கையும் பேட்டரி நெகட்டிவ்வையும் கழற்றிவிடுங்கள், ஜெனரேட்டரும் ஓடக்கூடாது. 14.4-இல் ஏற்றினால் தண்ணீரும் கொஞ்சம் வேகமாகக் குறையும். அதனால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறேன்.

முன்னாலிருந்து பின்னால் போகும் பாசிட்டிவ் கேபிளில் இன்னும் 0.3 வோல்ட் பாக்கி. கேபிள் மெல்லியது, 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமன்). இலையுதிர் காலத்துக்கு முன் 2 கேஜ் இழுக்கப்போகிறேன், இரண்டு முனையிலும் ஃபியூஸோடு. ஒரே இடம்தான் யோசிக்க வைக்கிறது: சைலன்சர் குழாய்க்கு அருகே கேபிள் திரும்பும் மூலை. அங்கே சூடு தாங்கும் உறை போட்டு, சேசிஸின் உட்பக்கமாகக் கிளாம்ப் அடிப்பதாக இப்போதைக்குத் திட்டம்.