ஹாச்சிரோகுவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்

4 அக்டோபர் 2024

இங்கே ஜப்பானில், குன்மா மாகாணத்தில் ஒரு வண்டி விற்பனைக்கு. டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ருவேனோ, மாடல் எண் ஏஇ86, அதனால்தான் ஹாச்சிரோகு, ஜப்பானிய மொழியில் 'எட்டு ஆறு'. மூன்று கதவு, ஜிடி அபெக்ஸ், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 60, அதாவது 1985. விற்பவர் போட்டிருக்கும் படங்கள் எல்லாம் வெளிப்பக்கம்தான். போனட்டைத் திறந்து ஒரு படம்கூட இல்லை. ராத்திரி ஒரு மணிவரை அவற்றையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5 அக்டோபர்

என்னை ஊருக்கு மாற்றுவார்களா என்று கம்பெனியிலிருந்து பதில் இல்லை.

7 அக்டோபர்

"ட்வின் கேம் இன்ஜின்தானே இருக்கு, அப்புறம் என்னடா சந்தேகம்?" என்கிறான் நண்பன். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இதே பாடிக் கூட்டில், இதே கண் திறக்கும் விளக்குகளோடு, ஏஇ85-ம் வந்தது. ஹாச்சிகோ, 'எட்டு ஐந்து'. அதில் 1452 சிசி 3ஏ-யு, 83 குதிரைத்திறன். ஹாச்சிரோகுவில் 1587 சிசி 4ஏ-ஜிஇ, பதினாறு வால்வு, 130. ஹாச்சிகோவில் 4ஏ-ஜிஇயை இறக்கி, கியர்பாக்ஸ், ஆக்ஸில், பின் டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் மாற்றினால் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றி மாட்டக்கூடிய எதுவும் சாட்சி ஆகாது. கூடுதான் வண்டி.

முறைப்படி மாற்றிப் பதிந்தவர்களின் ஷாக்கெனில், அதாவது வண்டியின் சோதனைச் சான்றில், ஏஇ85-க்குப் பின்னால் 'காய்' என்ற ஓர் ஜப்பானிய எழுத்து சேர்ந்திருக்கும், 'மாற்றியது' என்று பொருள். அந்த வண்டிகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கூட்டில் அடித்த சேசி எண்ணை வெட்டி ஒட்டி விற்பது வேறு, அது திருட்டு.

8 அக்டோபர்

விற்பவருக்கு மறுபடி எழுதினேன். சேசி எண் அடித்திருக்கும் ஃபயர்வால், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர், அதன் படம் ஒன்றே ஒன்று போதும் என்றேன். "நேரில் வந்து பாருங்கள்" என்கிறார். மறைக்கிறாரா, வயதானவர் என்பதால் படம் எடுக்கச் சிரமமா?

9 அக்டோபர்

தூக்கமில்லை. ஊருக்கு மாற்றிவிட்டால் வண்டி இங்கேயே நிற்க வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு மேல் பழையதை இந்தியாவுக்குள் விட மாட்டார்கள். தெரிந்தும் தேடுகிறேன்.

ஹாச்சிரோகுவின் சிறப்புப் பதிப்பான பிளாக் லிமிடெட் ஒன்றும் கண்ணில் பட்டது. 1986-இல் 400 மட்டுமே வந்த வண்டி. கறுப்புப் பெயின்ட்டும் தங்க நிற ஸ்டிக்கரும் யார் வேண்டுமானாலும் போடலாம். அதை நம்பி அங்கே போகப் போவதில்லை.

12 அக்டோபர்

பார்த்துவிட்டேன்.

பெரியவர் கொட்டகைக் கதவைத் தள்ளினார். கறுப்பு வெள்ளை, பாண்டா நிறம். நேராக போனட்டுக்குப் போனேன். ஃபயர்வாலில் அடித்திருந்த எண்ணின் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்துகள் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. சுற்றி விரலால் தடவினேன். வெல்டிங் மேடு இல்லை, பட்டி பூசிய வழுவழுப்பும் இல்லை. சீல் பசைகூடப் பழைய வெடிப்புகளோடு அப்படியே. பக்கத்துத் தகட்டில் அதே எண், 4ஏ-ஜிஇயு, டி50 கியர்பாக்ஸ். ஹாச்சிகோவாக இருந்தால் கே50 என்றிருக்கும்.

கை நடுங்கியது.

பிறகு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே புடைத்த ஏழு வரிகள். 1985 வண்டிக்கு மூன்று வரிதான் இருக்க வேண்டும். ஏழு வரி 1987 வாக்கில்தான் வந்தது. "தொழிற்சாலையில் போட்ட இன்ஜின்தான்" என்று பெரியவர் சொன்னது சரியில்லை. அவருக்கே தெரியாமல் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். வாதாடவில்லை, வரிகளை மட்டும் காட்டினேன். அவரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

பின்சக்கர வளைவின் உள்பக்கம் துரு. கதவுக்குக் கீழே இருக்கும் இடது சைடு ஸ்டெப்பில் விரல் வைத்தால் பொடியாக உதிர்கிறது. அதுதான் பெரிய செலவு. இன்ஜின் கிடைக்கும். கெடாத கூடு கிடைக்காது. பின் பிரேக் கேலிப்பர் போன்ற சிலவற்றை டொயோட்டாவே 2021 முதல் மறுபடி செய்கிறது. கூடு செய்து தருவதில்லை.

13 அக்டோபர்

தேய்த்த தாளைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

14 அக்டோபர்

விடுமுறை. போக்குவரத்து அலுவலகம் திறக்காது. மழை.

15 அக்டோபர்

காலையிலேயே போய் விரிவான பதிவுச் சான்று வாங்கினேன். பதிவெண்ணோடு முழுச் சேசி எண்ணும் எழுதினால்தான் கொடுப்பார்கள். பென்சில் தாளைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக எழுதினேன்.

முதல் பதிவு ஷோவா 60. வண்டி வகை ஈ-ஏஇ86. காய் இல்லை! முதல் உரிமையாளரிலிருந்து கைமாறிய வரிசை முழுவதும் அதில் இருக்கிறது, எங்கும் இடைவெளி இல்லை. ரயிலில் அந்தக் காகிதத்தை மடிக்க மனம் வரவில்லை.

கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை.

16 அக்டோபர்

சைடு ஸ்டெப், சைடு ஸ்டெப். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

17 அக்டோபர்

இன்ஜினுக்கும் துருவுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கிறேன் என்று பெரியவரே கூப்பிட்டுச் சொன்னார். வேறு ஒருவரும் கேட்டிருக்கிறாராம், ஆனாலும் ஞாயிறுவரை எனக்காக நிறுத்தி வைப்பாராம். என் பெயருக்கு மாற்ற முதலில் போலீஸில் பார்க்கிங் சான்று வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து. சாயங்காலம் மாடிக்குப் போய்க் கேட்கிறேன்.