மா, காணி, முந்திரி: ஒருவழியாக வரியில் உட்கார்ந்தன

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. நேற்று ராத்திரிதான் மா, காணி என்ற பழைய பின்னக் குறிகள் பக்கத்து எழுத்தோடு ஒரே உயரத்தில் நின்றன. அச்செடுத்து அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் தூங்கினேன்.

வேலை இதுதான்: எங்கள் வீட்டு 1911ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஸீலேட்டெக் (XeLaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அப்படியே அச்சுக் கோப்பது. ‘விரோதிகிருது௵ ஆடி௴ ௰௨௳’ என்ற முதல் வரியில் சிரமமே இல்லை. வருடம், மாதம், தேதிக்கான இந்தக் குறிகள், ‘மேற்படி’க்கான ௸ உட்பட, ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ எழுத்துருவிலேயே இருக்கின்றன.

படுத்தி எடுத்தது பின்னங்கள். வேலி என்ற நில அளவில் இருபதில் ஒன்று மா, மாவில் நாலில் ஒன்று காணி, காணியில் நாலில் ஒன்று முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கம் மூணு மா ஒரு ஏக்கர். ஒரு குறி மாறினால் ஒருவர் பங்கே மாறிப்போகும், அதனால் ‘1/20’ என்று எழுதி ஒப்பேற்ற மனசு வரவில்லை. யூனிகோடில் இவை 2019இல் வந்த 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன, பழைய அளவைக் குறிகளோடு மொத்தம் 51. ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ எழுத்துருவை நிறுவி, நியூயூனிகோட்கேர் என்ற துணைத்தொகுப்பு வழியாக ஒவ்வொரு குறியையும் அதற்குத் திருப்பிவிட்டேன். டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அமைப்பை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் பிழை காட்டி நின்றுவிடும், பதிவுக் கோப்பைத் துழாவ வேண்டாம்.

குறி வந்தது, ஆனால் வரியில் துருத்திக்கொண்டு நின்றது. எழுத்துருவை அமைக்கும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பின் ‘மேட்ச்லோயர்கேஸ்’ ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தை வைத்து அளப்பது, இங்கே உதவவில்லை. கடைசியில் ‘க’வையும் மாக் குறியையும் எழுத்தைச் சுற்றிக் கட்டம் போடும் எஃப்பாக்ஸில், உள்ளே இடைவெளி இல்லாமல், அடுத்தடுத்துப் போட்டு, திரையில் 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இரண்டு கட்டத்தின் மேல்கோடும் சேரும்வரை அளவைக் குறைத்தேன். 0.95, 0.92, 0.93. 0.93இல் சேர்ந்தது! சுருக்கியதில் கோடு மெலிந்துவிட்டதால் ஃபேக்போல்ட் வசதியில் துளி தடிமன் ஏற்றினேன். பத்து புள்ளி அளவில் இப்போது கண்ணை உறுத்தவில்லை.

அச்சுக்குக் காகிதமும் வாங்கியாயிற்று. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் லேசான மஞ்சள் நிறத்தில், 100 ஜிஎஸ்எம். வழவழப்பான தாளில் இந்த எழுத்து எடுபடாது.

அடுத்து, எண்ணைக் கொடுத்தால் பழைய முறையில் மாற்றித் தரும் கட்டளை ஒன்று எழுதவேண்டும். 1911 என்றால் ௲௯௱௰௧. ஆயிரத்துக்கும் பத்துக்கும் முன்னால் ௧ வரக்கூடாது, அந்த விதியில்தான் என் முதல் முயற்சி தடுக்கியது.

ஆனால் அதற்கு முன் இரண்டாம் பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, வருகிறது. யூனிகோடில் மாகாணிக்கு இரண்டு வடிவம். பத்திரம் எழுதியவரின் கை இரண்டுக்கும் நடுவில் ஓடியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.