தானாக வந்தவருக்கும் தரகுக் காசு

யாழ்ப்பாணத்தில் ஓட்டோ பிடிக்கவும் சாப்பாடு எடுப்பிக்கவும் செயலி நடத்துகிற சின்ன நிறுவனங்கள், ‘ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு’ என்று விளம்பர வலையமைப்புகளுக்கு (பல செயலிகளுக்குள் விளம்பரம் காட்டும் இடைத்தரகர்களுக்கு) காசு கட்டுகின்றன. எல்லாரும் பயப்படுவது போலிப் பாவனையாளருக்கு. அதைவிடக் கெட்ட களவில் பாவனையாளர் உண்மையான ஆள். திருநெல்வேலிச் சந்தியில் உங்கள் பதாகையைப் பார்த்துத் தானாகவே செயலியை இறக்கியவருக்கு ஒரு வலையமைப்பு பில் போடுகிறது.

கடைசியாக எந்த வலையமைப்பின் விளம்பரத்தில் கிளிக் விழுந்ததோ, இன்ஸ்டாலும் அதனுடையது என்பதுதான் வழக்கமான கணக்கு. அதனால் அந்தப் போனில் ஏற்கெனவே கிடக்கிற டோர்ச், வால்பேப்பர் செயலி ஏதாவது ஒன்று, புதுச் செயலி இறங்குவதை மோப்பம் பிடித்துக் ஆள் விளம்பரத்தைத் தட்டியதுபோல் கடைசி நேரத்தில் ஒரு கிளிக்கை அனுப்பிவிடும்.

உதாரணத்துக்கு அறிக்கையில் இப்படி ஒரு வரி: இறக்கம் தொடங்கியது 10:14:20, கிளிக் 10:15:02, செயலி திறந்தது 10:15:14. இறக்கத் தொடங்கிய பிறகா விளம்பரத்தைப் பார்த்தார்? 60 எம்பி (480 மெகாபிட்) செயலி 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) வேகத்தில் இறங்கவே 48 விநாடி வேண்டும். கிளிக்குக்கும் திறப்புக்கும் இடையில் இருப்பதோ 12 விநாடி. இறக்கம் தொடங்கிய நேரத்தை கூகுள் பிளேயின் ‘இன்ஸ்டால் ரெஃபரர்’ என்ற வசதி தருகிறது. அதற்குப் பிந்திய கிளிக்கை நிராகரிக்கும்படி எந்த இன்ஸ்டால் எந்த விளம்பரத்தால் வந்தது என்று உங்களுக்குக் கணக்கிடும் அளவீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள்.

இன்னொரு வகையில், ஆள் பார்க்காத விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கிளிக் கொட்டிவிட்டு, அந்த ஆள் எப்போதாவது தானாகச் செயலியை இறக்குவார் என்று காத்திருப்பார்கள். உண்மை விளம்பரத்தில் பெரும்பாலான இன்ஸ்டால்கள் கிளிக்குக்குப் பிந்திய முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் விழும். இங்கே நாள் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடக்கும்.

இதில் பெரிய அநியாயம் அறிக்கை அழகாக இருப்பதுதான். வந்தவர்கள் உண்மையானவர்கள், ஓட்டோவும் பிடிக்கிறார்கள். ஆகவே களவெடுக்கும் வலையமைப்பே முதலிடத்தில் நிற்கும். சந்தைப்படுத்துபவர் பதாகைக் காசை வெட்டி அங்கே போடுவார்.

அறிக்கையில் ஊர்ப் பெயர் காட்டும் நிரலை வைத்து மட்டும் களவு என்று முடிவெடுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துப் போனின் ஐபி கொழும்பு என்றும் காட்டலாம்.

2017இல் ஊபர், தன் விளம்பர முகவரான ஃபெட்ச் மீது தொடுத்த வழக்கில், விளம்பரத்தை நிறுத்தியும் இன்ஸ்டால் பெரிதாகக் குறையவில்லை என்று முறையிட்டது. அதே சோதனையை நீங்களும் செய்யலாம். சந்தேகமான வலையமைப்பை மட்டும் இரண்டு கிழமை நிறுத்துங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள். ஓடிபி உறுதிசெய்த மொத்தப் பதிவுகளை எண்ணுங்கள். மொத்தம் அப்படியே நின்று, ‘தானாக வந்தவை’ மட்டும் ஏறினால், அடுத்த பில்லைக் கட்டாமல் அறிக்கையிலுள்ள இறக்க, கிளிக் நேரங்களை முன்னால் வைத்துப் பேசுங்கள்.